சொந்தக்காரரே வீடு கட்டித் தருகிறார், ஒப்பந்தம் எழுதியே ஆகணுமா?

கீழவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் புறநகரில் 1,400 சதுர அடி மனை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போதுதான் வீடு கட்டக் கை கூடி வந்திருக்கிறது. தரைத்தளம் மட்டும், 950 சதுர அடி. என் மனைவியின் சித்தப்பா மகன்தான் கான்ட்ராக்டர். எங்கள் பக்கத்தில் நிறைய வீடு கட்டியிருக்கிறார், வேலையும் சுத்தம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சதுர அடி 2,400 ரூபாய், மெட்டீரியலோடு, ஆக 22 லட்சத்து 80 ஆயிரம். பூமி பூஜைக்கு முன்னால் 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்.

இதுவரை கையில் இருக்கும் எழுத்து என்றால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ஒரு வரிதான்: "ச.அடி 2400, எல்லாம் நல்ல மெட்டீரியல், 7 மாசத்துல முடிச்சிடலாம் மாப்ள". அக்ரிமென்ட் போட்டுக்கலாமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், "நமக்குள்ள எதுக்கு மாப்ள பேப்பர்" என்று சொல்லிவிட்டார். மாமனாரும் அதைக் கேட்டு முகம் சுருங்கிப் போனார். ஆனால் மனைவி, தன் சொந்த அண்ணன் முறை என்றாலும், எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஒரே பிடியாக இருக்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எழுதியே ஆகணுமா, எழுதினால் அதில் என்னென்ன வரணும், பதிவு செய்யணுமா, உறவு கெடாமல் இதை எப்படிக் கேட்பது?

---

சைட் இன்ஜினியர் திருச்சி:
எழுதியே ஆகணும், உங்க வீட்டம்மா சொல்வதுதான் சரி. அவர் ஏமாற்றுவார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "எல்லாம் நல்ல மெட்டீரியல்" என்ற வரிக்கு உங்கள் மனசில் இருக்கும் அர்த்தம் வேறு, அவர் மனசில் ஓடும் அர்த்தம் வேறு. ரெண்டு பேருமே நாணயமான ஆட்களாக இருந்தாலும் லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் காங்கிரீட் பட்டை) வருவதற்குள் சண்டை வந்துவிடும், நான் சைட்டில் வாரத்துக்கு வாரம் பார்ப்பது இதைத்தான்.

முதலில் சதுர அடிக் கணக்கையே எடுத்துக்குங்க. 950 என்பது எதை அளந்து வந்த 950? போர்டிகோ அதில் உண்டா? 120 சதுர அடி போர்டிகோவை முழு ரேட்டில் போட்டால் 2 லட்சத்து 88 ஆயிரம், பாதி ரேட் என்றால் 1 லட்சத்து 44 ஆயிரம். மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், சிட்அவுட், இதெல்லாம் எப்படி அளக்கப்படும் என்று இப்போதே எழுதாவிட்டால் கடைசி பில்லில்தான் தெரியும். சம்ப் (நிலத்தடித் தண்ணித் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், இபி கனெக்ஷன் இவை சதுர அடி ரேட்டுக்குள் வருகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் லிட்டர் கணக்கில் தனியாக வாங்குவார்கள். வேலை நடக்கும்போது எரியும் தற்காலிகக் கரண்ட் பில், தண்ணீர் லாரி யார் கணக்கு என்பதையும் எழுதிடுங்க. தொகை சின்னதுதான், வாய்ச்சண்டை பெரிதாக வரும்.

அடுத்து பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம். "3 அடி பேஸ்மட்டம்" என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கிருந்து 3 அடி? உங்கள் மனை ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளமாக இருந்து, அவர் மனைத் தரையிலிருந்து அளந்தால் ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடிதான் மிஞ்சும், நாளைக்கு ரோடு போடுகிறவர்கள் இன்னும் ஒரு அடுக்கு ஏற்றிவிட்டால் மழைத்தண்ணி வாசப்படியில் நிற்கும். ஒப்பந்தத்தில் "நடு ரோட்டின் மேல்மட்டத்திலிருந்து 3 அடி" என்று எழுதி, பக்கத்தில் இருக்கும் இபி கம்பத்திலோ எதிர்வீட்டுச் சுவரிலோ ஒரு மட்டக்குறி போட்டு போட்டோ எடுத்து இணைச்சுடுங்க.

மெட்டீரியலுக்கு வருவோம். கம்பி எந்த கம்பெனி, கிரேடு எஃப்இ 500டி-யா 550டி-யா, சிமென்ட் எந்த பிராண்ட், காங்கிரீட் எம்20 என்ற வலிமை கிரேடுக்குக் குறையக் கூடாது (ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி ஆர்சிசி, அதாவது கம்பி வைத்த காங்கிரீட் வேலைக்கு அதுதான் குறைந்தபட்சம், கையால் கலந்தால் சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3). சுவர் செங்கல்லா, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லா, ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த காங்கிரீட் கல்), வெளிச்சுவர் 9 இஞ்ச்சா. பூச்சுக்கு பி சாண்டா (பூச்சுக்கென்றே சலித்த மென்மையான மணல்) எம் சாண்டா (கல்லை உடைத்துச் செய்த மணல்). கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் விடும் கவர் இடைவெளி கூரை ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவார ஃபுட்டிங்குக்கு 50, இதற்குக் கவர் பிளாக்தான் வைக்கணும், ஜல்லிக் கல்லை அடியில் சொருகக் கூடாது. கம்பி வந்து இறங்கியதும் எடை போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்குங்க: 12 எம்எம் கம்பி ஒரு மீட்டர் 0.888 கிலோ, முழு நீளம் 12 மீட்டர் என்றால் 10.66 கிலோ வரணும். அதில் ரொம்பக் குறைந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

டைல்ஸ், பாத்ரூம் சாமான், கதவு, சுவிட்ச் இதற்கெல்லாம் பிராண்ட் முடிவாகாவிட்டால் விலை வரம்பு எழுதுங்க. தரை டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை அவர் செலவு, அதற்கு மேல் எடுத்தால் வித்தியாசம் உங்கள் செலவு என்கிற மாதிரி. பாத்ரூம் சுவர் டைல்ஸ் 4 அடியா 7 அடியா, ஒரு ரூமுக்கு எத்தனை கரண்ட் பாயின்ட், ஏசி பாயின்ட் எத்தனை, லாஃப்ட் (பரண்) எத்தனை அடி, எல்லாம் வரணும். கியூரிங் (தண்ணி விட்டு நனைத்து வைப்பது) எத்தனை நாள் என்பதும் அப்படித்தான். வெயில் காய்ச்சலில் பூச்சுக்கும் ஸ்லாபுக்கும் தண்ணி விடாமல் அடுத்த வேலைக்கு ஓடுவதுதான் பாதி வெடிப்புக்குக் காரணம்.

---

வக்கீல் நெல்லை:
சட்டப் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும், 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கணும் என்று கட்டாயம் கிடையாது. சிக்கல் எல்லாம் நிரூபிப்பதில்தான். என்ன ரேட், எதெல்லாம் சேர்த்தி, எப்போது முடிக்கணும் என்று நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர் ஒன்று சொல்வார், சாட்சிக்கு வருகிறவர் ரெண்டு பேருக்கும் உறவாக இருப்பார், அவர் யாருக்காகப் பேசுவார்? வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியமாகக் கொடுக்கலாம், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்குரிய சான்றிதழோடு கொடுக்கணும். ஆனால் "நல்ல மெட்டீரியல்" என்பதை வைத்து எந்த நீதிபதியும் கம்பி கிரேடைக் கண்டுபிடிக்க முடியாது.

பதிவு தேவையில்லை. உங்கள் சொந்த மனையில் ஒருவர் கட்டித் தருகிறார், நிலத்தில் எந்த உரிமையும் கைமாறவில்லை. முத்திரைத்தாளில் எழுதி, வரைபடம் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சி வையுங்கள், அது போதும். எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் என்பதை ஆவண எழுத்தரிடம் கேட்டே வாங்குங்கள், குறைவாகப் போட்டால் கோர்ட்டில் அந்தப் பத்திரத்தை ஏற்பதற்கு முன் தீர்வையோடு அபராதமும் கட்டச் சொல்வார்கள்.

நிறைய பேர் இங்கே ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) புகார் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். ரெரா என்பது கட்டி விற்கிற புரமோட்டருக்கு. உங்கள் மனையில் நீங்கள் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டினால் அது உங்களுக்குப் பொருந்தாது, அதில் சொல்லியிருக்கும் 5 வருஷக் கட்டுமானப் பொறுப்பும் தானாக உங்களுக்கு வராது. அந்தப் பாதுகாப்பு வேணும் என்றால் ஒப்பந்தத்தில் நீங்களேதான் எழுதிக்கொள்ளணும்: கட்டுமானக் குறைக்கு இத்தனை வருஷம், ஒழுகலுக்கு இத்தனை வருஷம் அவர் செலவில் சரிசெய்து தரணும் என்று.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்குள் வீடு கட்டுமானமும் வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போடணும். சிவில் கோர்ட் என்றால் பொதுவாக 3 வருஷம்.

பணம் முழுக்க வங்கி வழியாகப் போகட்டும். ஒரே நாளில் அல்லது ஒரே விஷயத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி வாங்குகிறவருக்கே சிக்கல், அந்த 3 லட்சம் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அவர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் மெட்டீரியலோடு செய்யும் வேலைக்கு 18 சதவீதம் வரும், 2,400 ரூபாய் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிடுங்க. 22.80 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 4 லட்சத்துக்கு மேல், கடைசியில் பேசிக்கொள்கிற தொகையா அது?

---

பழைய வீடு:
இவ்வளவு பயப்படணுமா என்று எனக்குத் தோணுது. எங்க வீடு எழுத்தே இல்லாமல்தான் கட்டினது, மெட்டீரியல் நாங்களே எடுத்துக் கொடுத்தோம், கொத்தனாருக்குக் கூலி மட்டும். சனிக்கிழமை ஆனால் ஆள் கணக்குப் பார்த்துச் சம்பளம். கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லாரும் நல்ல மாதிரி, இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல் கிடையாது. ஆளைப் பார்த்துப் பிடிப்பதுதான் முக்கியம்.

---

சைட் இன்ஜினியர் திருச்சி:
நீங்கள் சொல்வது நாள்கூலி, அதில் எழுத்து குறைவாகவே போதும். நேற்று வந்த ஆளுக்கு நேற்றைய சம்பளம், யாரும் யாருக்கும் பாக்கி இல்லை, பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை வேறு ஆள். கீழவாசல் கொடுப்பது மெட்டீரியலோடு மொத்தக் கான்ட்ராக்ட், அதில் வேலை நடப்பதற்கு முன்னால் லட்சக்கணக்கில் பணம் போய்விடும். ரெண்டையும் ஒன்றாகப் பேச முடியாது.

---

கான்ட்ராக்டர் விழுப்புரம்:
நான் மேஜையின் அந்தப் பக்கம் உட்காருகிற ஆள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பேப்பர் வேணாம் என்று சொல்கிற கான்ட்ராக்டர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். ஓனருக்கு எவ்வளவு அவசியமோ அதைவிட எனக்கு அவசியம்.

லிண்டல் ஓடி முடிந்த பிறகு ஓனர் வீட்டுக்கு யாரோ ஒரு வாஸ்து பார்க்கிறவர் வருவார், அடுப்படி தென்கிழக்கில் இல்லை என்பார். மறுநாள் காலையில் சுவரை இடி என்று போன் வரும். இடித்த கூலி, திரும்பக் கட்டும் கூலி, வீணான செங்கல், தள்ளிப்போகும் பத்து நாள், இது எதுவும் சதுர அடி ரேட்டில் கிடையாது. கேட்டால் "சின்ன வேலைதானே அண்ணே, இதுக்குப் போய் கணக்குப் பாக்கறீங்களே" என்பார்கள். அதனால் நான் ஒரு டூப்ளிகேட் நோட்டு வைத்திருக்கிறேன். வரைபடத்தில் இல்லாத எந்த வேலையானாலும், அது ஒரு பிளக் பாயின்ட் கூடுவதாக இருந்தாலும், தேதி, வேலை, தொகை மூணும் எழுதி ஓனர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் கை வைப்பான். மேல் தாள் அவருக்கு, கார்பன் எனக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் இந்த எக்ஸ்ட்ரா நோட்டு பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கணும்: கையெழுத்து இல்லாத எக்ஸ்ட்ராவுக்குப் பணம் கிடையாது.

விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் எழுதிக்குங்க. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லி, எம் சாண்ட் விலை ஏறியது ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் ரேட் பேசிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நான் எழுதுவது இப்படி: கையெழுத்து நாளில் கம்பி, சிமென்ட் என்ன விலையோ அதைக் குறித்து வைப்பது, 5 சதவீதம் வரை ஏறினால் என் பாடு, அதற்கு மேல் போனால் பில் காட்டி ஏறிய அளவு மட்டும் வாங்குவது. இறங்கினால் ஓனருக்குக் குறைப்பதும் அதே வரியில் இருக்கும்.

பணம் கொடுக்கும் முறைதான் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி. அட்வான்ஸ் 10 சதவீதம் போதும், உங்கள் கணக்குக்கு 2 லட்சத்து 28 ஆயிரம். அப்புறம் பேஸ்மட்டம் முடிந்தால் 20, லிண்டலில் 15, ரூஃப் காங்கிரீட் போட்டதும் 20, உள்பூச்சு வெளிப்பூச்சு முடிந்தால் 15, டைல்ஸ், வயரிங், பிளம்பிங்குக்கு 10, பெயின்ட் அடித்துச் சாவி கொடுக்கும்போது 5, மிச்சம் 5 ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு. "முடிந்ததும்" என்பது முக்கியம், "ஆரம்பிக்கும்போது" என்று எழுதிவிட்டால் பணம் எப்போதும் ஒரு கட்டம் முன்னால் ஓடும். லோன் போட்டிருந்தால் பேங்க்காரர் எப்படி ஸ்டேஜ் பிரித்துத் தருகிறார் என்று பார்த்து அதற்கு ஒத்துப்போகிற மாதிரி எழுதுங்க.

உறவுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். லோன் போடுவதாக இருந்தால் பேங்க்கில் எஸ்டிமேட்டும் வரைபடமும் எப்படியும் கேட்பார்கள், "அதோடு சேர்த்து நம்ம பேச்சையும் ஒரு தாள்ல போட்டுடலாம் மச்சான், நாளைக்கு நான் எக்ஸ்ட்ரா வேலை சொன்னா உங்களுக்குக் காசு வரணும்ல" என்று ஆரம்பிங்க. அவருக்கு என்ன லாபம் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் முகம் சுருங்காது.

---

கோவை அம்மணி:
என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லணும். அங்கேயும் தெரிஞ்ச ஆள்தான், ஆனால் பேப்பர் இருந்தது. ரூஃப் போட்டு, பலகை பிரித்து, பூச்சு பாதியில் நிற்கும்போது அவருக்கு வேறு சைட்டில் பெரிய நஷ்டம், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் வருவதையே நிறுத்திட்டார். போன் எடுக்க மாட்டார், எடுத்தால் அடுத்த வாரம் என்பார். மாமா கோபத்தில் வேறு கொத்தனாரைக் கூட்டிட்டு வரப் போனார், அக்காதான் தடுத்து ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சா. அதில் தொடர்ந்து 21 நாள் வேலை நடக்காவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாளில் திரும்ப ஆரம்பிக்காவிட்டால் வேறு ஆளை வைக்கலாம், அதற்கு முன் ஒரு இன்ஜினியரை வைத்து ரெண்டு தரப்பும் சேர்ந்து முடிந்த வேலையை அளக்கணும் என்று இருந்தது.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் போச்சு. அளக்கும் நாளில் அவரும் வந்தார், அழாத குறையாக. ரூஃப் வரைக்கும் கட்டணம் போயிருந்தது, பூச்சு பாதி முடிஞ்சிருந்தது, அந்தப் பாதிக்கு அக்காதான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தும் விட்டா. கடைசியில் யாரும் யாருக்கும் கடன் இல்லை, இன்றைக்கும் கல்யாணம் காட்சியில் பார்த்தால் பேசிக்கிறாங்க. உறவு கெடும்னுதானே உங்க மாமனார் பயப்படுறார், எங்க வீட்டில் உறவு தப்பிச்சதே அந்தப் பேப்பரால்தான்.

இன்னொன்று, சைட்டில் யாராவது சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டால் என்ன செய்வது என்று யாருமே பேசுவதில்லை. ஆட்களுக்கு இன்சூரன்ஸ் போடுவது கான்ட்ராக்டர் பொறுப்பு, பாலிசி நகல் வேலை தொடங்குவதற்கு முன் தரணும் என்று எழுதுங்க. அந்தச் சித்தாளுக்கும் குடும்பம் இருக்கு.

---

கீழவாசல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை மச்சானை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினேன், விழுப்புரம் அண்ணன் சொன்ன மாதிரி எக்ஸ்ட்ரா வேலையிலிருந்துதான் ஆரம்பித்தேன். முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தார், அப்புறம் அவரே போன வருஷம் ஒரு ஓனர் காம்பவுண்ட் சுவருக்குப் பணம் தராததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போர்டிகோ பாதி ரேட், சம்ப் சேர்த்தி, செப்டிக் டேங்க் தனி, பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து 3 அடி, இவ்வளவும் பேசி முடிந்தது. போர்டிகோவை முழு ரேட்டில்தான் அவர் நினைத்திருந்தார், நான் ரேட்டே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

ரெண்டு இடத்தில் நிற்கிறார். 7 மாசம் தாண்டினால் வாரத்துக்கு 5,000 ரூபாய் பிடித்தம் என்று நான் கேட்டதற்கு முடியாது என்கிறார், மழை வந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று. அந்தக் கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் வரை நிற்பதும் அவருக்குக் கஷ்டமாம்.

---

கான்ட்ராக்டர் விழுப்புரம்:
மழை விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கு. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை போகும். மழையால் வேலை நின்ற நாளை அதே நோட்டில் ரெண்டு பேரும் குறித்துவையுங்கள், அந்த நாட்களும் நீங்கள் பணம் தராமல் தள்ளிய நாட்களும் 7 மாசத்தோடு கூடட்டும், அதற்கு மேல் போனால் மட்டும் பிடித்தம், அதுவும் ஒரு மாசம் சலுகை கொடுத்த பிறகு. கடைசி 5 சதவீதத்தைப் பாதி பாதியாகப் பிரிச்சுடுங்க, சாவி வாங்கி 2 மாசத்தில் பாதி, மீதி பருவமழை முடிந்து ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு.

---

வக்கீல் நெல்லை:
அந்த 5,000 ரூபாய் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நீங்கள் எழுதும் தொகை உச்சவரம்பு மாதிரி, கோர்ட் அதற்குள் நியாயமானதைத்தான் தரும். இப்போது நீங்கள் கொடுக்கும் வீட்டு வாடகைக்கு ஒத்துவருகிற மாதிரி தொகை வைத்தால் அவரும் ஒத்துக்கொள்வார், நாளைக்கும் நிற்கும்.

வரைபடம் அனுமதி யார் பேரில் வாங்குகிறீர்கள்? 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கலாம், உங்களுடையது அதற்குள் வரும். அனுமதி உங்கள் பேரில் இருந்தால், அதை மீறிக் கட்டினால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். பக்கவாட்டு இடம் உட்பட அனுமதி வரைபடப்படியே கட்டணும் என்பதை எழுதி அதன் நகலையும் இணைச்சுடுங்க.

---

கீழவாசல்:
வாடகை 9,000 கொடுக்கிறேன், அதையே மாசப் பிடித்தமாகச் சொன்னேன், சரி என்றுவிட்டார். 5 சதவீதமும் பாதி பாதி. வரைபடத்துக்கு நாளைக்கு விண்ணப்பம் போடுகிறோம், அனுமதி வந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து, அட்வான்ஸ் அதே நாளில் வங்கி மூலமாக. சாட்சிக் கையெழுத்துக்கு மாமனாரே தானாக வருகிறேன் என்றிருக்கிறார்.